நமக்கும் ஓர் ஏஜெண்டு

ஏஜெண்டு என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. இன்ஷ்யூரன்சுக்கு ஓர் ஏஜெண்டு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட்டுக்கு ஓர் ஏஜெண்டு, வாடகைக்கு வீடு பார்த்துத் தர ஓர் ஏஜெண்டு என்று, இந்த மாநகருக்குப் பிழைக்க வந்த தமிழர் பலரும் யாரேனும் ஓர் ஏஜெண்டின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே நடை பழகினார்கள். எங்கள் வீட்டிலோ அச்சொல்லுக்கு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. என் தந்தையார் ஒரு சுங்க ஏஜெண்டிடம் குமாஸ்தாவாக இருக்கிறார். நாவா சேவா துறைமுகத்தில் வந்திறங்கும் பெட்டிகளுக்கு உரிய பத்திரங்களை நிரப்பி, தீர்வையைக் கணக்கிட்டு, சரக்கை வெளியே கொணர்வது அந்த அலுவலகத்தின் தொழில். 2013 முதல் விதிமுறைகளில் அவர்களுக்குச் ‘சுங்கத் தரகர்’ என்று பெயர் மாறிவிட்டது. எங்கள் ஐரோலி வீட்டில் மாறவில்லை. அப்பா இன்றும் ‘ஏஜெண்டு ஆபீசு’க்குத்தான் போய் வருகிறார்.

ஆகவே, ‘ஏ.ஐ. ஏஜெண்டு’ என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்களே, அதைப் பற்றிப் புதியவர்க்கும் விளங்கும்படி ஒரு கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் கேட்டதும், நான் நூல்நிலையத்துக்குப் போகவில்லை, அப்பாவிடம் போனேன்.

“ஏஜெண்டுன்னா யாருப்பா?”

“நம்ம பேருல காரியம் பாக்குதவன். அவன் பாத்தா நாம பாத்த மாதிரி. அவன் தப்பா எழுதுனா நாம தப்பா எழுதுன மாதிரி. இதுல என்னல சந்தேகம்?”

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 182-ஆம் பிரிவு இதையே நீட்டிச் சொல்கிறது. பிறருக்காக ஒரு செயலைச் செய்யவோ, மூன்றாமவரிடம் பிறர் சார்பில் நடந்துகொள்ளவோ அமர்த்தப்பட்ட ஆள் முகவர். அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் கணிப்பொறியைக் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் இந்தப் புதிய முகவரைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வேறுபாடு: சட்டம் ‘ஆள்’ என்கிறது, இயந்திரமோ ஆள் அன்று. அப்படியானால் அது செய்த பிழைக்கு யார் பொறுப்பு? கனடா நாட்டில் இக்கேள்வி எழுந்தது. பாட்டி இறந்ததால் அவசரமாகப் பயணம் செய்த ஒருவருக்கு ஏர் கனடா நிறுவனத்தின் உரையாடு இயந்திரம் சலுகைக் கட்டணம் பற்றித் தவறான தகவலைத் தந்துவிட்டது. அந்த இயந்திரம் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பான ஒரு தனி அமைப்பு என்பதுபோல் நிறுவனம் வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அந்த வாதத்தை ஏற்க மறுத்து, பணத்தைக் கொடு என்றது. அப்பாவின் விளக்கத்தைத் தீர்ப்பாயம் ஒப்புக்கொண்டது எனலாம்.

சரி, முகவர் என்பது என்ன? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் நாம் பழகிய இயந்திரம் பதில் சொல்லும் இயந்திரம். திண்ணையில் அமர்ந்த பண்டிதர் போன்றது. எதைக் கேட்டாலும் விடை வரும். ஆனால் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வாரும் என்றால் வராது. அதே பண்டிதருக்குக் கையும் காலும் முளைத்தால் அதுதான் முகவர். வலையில் தேடுதல், கோப்பைத் திறந்து படித்தல், சிறு நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தல், படிவம் நிரப்புதல், மின்னஞ்சல் விடுத்தல் முதலியவை அதன் கைகால்கள். இவற்றைக் கருவிகள் என்பர்.

விஞ்ஞான மாணவர்கள் இவ்விடத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். மொழி மாதிரி என்பது அடுத்த சொல் எது என்று கணித்து எழுதுவதைத் தவிர வேறொன்றும் அறியாதே, அது எப்படிக் காரியம் செய்கிறது? விடை எளிது. மாதிரியைச் சுற்றிலும் ஒரு சாதாரண நிரல் காவல் இருக்கிறது. ‘இந்தப் பக்கத்தைத் திற’ என்று மாதிரி எழுதினால், அந்த நிரல் பக்கத்தைத் திறந்து, அங்கே இருப்பதை எழுத்தாக்கி மாதிரியிடம் நீட்டுகிறது. அதைப் படித்துவிட்டு மாதிரி அடுத்த கட்டளையை எழுதுகிறது. மறுபடி நிரல் ஓடுகிறது. எழுது, செய், பார், மீண்டும் எழுது என்று இந்தச் சுழற்சி, ‘முடிந்தது’ என்று அதுவே சொல்லும் வரை, அல்லது நாம் நிறுத்தும் வரை நடக்கும். யோசனையையும் செயலையும் இப்படி மாற்றி மாற்றிப் பின்னலாம் என்று 2022-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் கூகிள் ஆராய்ச்சியாளரும் ‘ரீஆக்ட்’ என்ற கட்டுரையில் காட்டினார்கள். மறு ஆண்டே ‘ஆட்டோஜிபிடி’ என்ற விளையாட்டுப் போன்ற நிரல் உலகெங்கும் பரவியது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம், எந்த முகவரையும் எந்தக் கருவியோடும் இணைக்க ஒரு பொதுச் சொருகி போன்ற ஏற்பாட்டை வெளியிட்டது. 2025-இல் நிரல் எழுதும் முகவர், உலாவிக்குள் குடியிருக்கும் முகவர், அலுவலக முகவர் என்று வரிசையாக வந்தன. நம் சென்னைச் சோகோ நிறுவனமும் அவ்வாண்டு ஜூலையில் தன் அலுவலக மென்பொருள்களுக்குள் முகவர்களை இறக்கியது. வரலாறு இவ்வளவு போதும்.

எனக்கு அது எப்படிப் பயன்பட்டது என்று சொல்கிறேன். இயல்பு அதில் விளங்கும்.

நான் உயிரியல் மாணவன். தாணே உப்பங்கழியின் சேற்றில் வாழும் புழுக்களே என் ஆய்வுப் பொருள். சிரிக்க வேண்டாம். ஐரோலிக் கரையில் பூநாரைகளைப் படம் பிடிக்க வருவோர் எத்தனையோ பேர். அவை நிற்கும் சேற்றையும் யாரேனும் ஒருவர் பார்க்க வேண்டாமா? 2015-இல் பூநாரைச் சரணாலயமாகவும் 2022-இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட இடம் அது. வனத்துறையின் அனுமதியோடு, பேராசிரியரோடு, வார இறுதிகளில் போய்ச் சேறு அள்ளி வருவேன்.

சேறு அள்ள வேண்டுமானால் நீர் வடிந்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறத்தாழ இரு முறை ஏறி இரு முறை வடியும் கடல்நீர், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வடியும். இந்தச் சனிக்கிழமை காலை 8 மணிக்கு அழகாக வடிந்து கிடந்த இடத்தில், அடுத்த சனிக்கிழமை அதே 8 மணிக்கு நீர் ஏறி நிற்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓத அட்டவணையை விரித்து வைத்து, பென்சிலும் கையுமாக ஒரு மாலைப் பொழுதைப் பலி கொடுப்பது வழக்கம். இம்முறை அதை முகவரிடம் விட்டேன். நான் கொடுத்த கட்டளையை அப்படியே தருகிறேன், ஏனெனில் கட்டளையில்தான் பாதி வித்தை இருக்கிறது:

“வரும் இரண்டு மாதங்களில் சனி, ஞாயிறுகளில் காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையே ஐரோலியில் தாழ்நீர் வரும் நாட்களைப் பட்டியலிடு. நேரத்தையும் நீர்மட்டத்தையும் எழுது. ஒவ்வோர் எண்ணையும் எந்த அட்டவணையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய் என்று பக்கத்திலேயே குறி. பேராசிரியருக்கு ஒரு கடிதம் வரைந்து வை. அனுப்பாதே.”

ஐந்தாறு நிமிடம் ஓடியது. என்ன செய்கிறது என்பதைத் திரையில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே போனது. ‘ஓத அட்டவணை தேடுகிறேன்.’ ‘இந்தப் பக்கம் திறக்கவில்லை, வேறு இடம் பார்க்கிறேன்.’ ‘கிடைத்தது.’ ‘சனி, ஞாயிறுகளைப் பிரிக்க ஒரு நிரல் எழுதுகிறேன்.’ அந்த இரண்டாவது வரியைப் பாருங்கள். பழைய நிரல்களானால் பக்கம் திறக்காத அந்த இடத்திலேயே மாண்டிருக்கும். இதுவோ ஒரு கதவு மூடியிருந்தால் பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்க்கிறது. முகவரின் பெருமை இதுதான். ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வந்த பட்டியல் அச்சடித்தாற்போல் இருந்தது. தலைப்பு: ‘ஐரோலி – தாழ்நீர் நேரம்.’ ஆனால் நான் கேட்டிருந்த ஆதாரக் குறிப்பில் ‘அப்போலோ பந்தர்’ என்று இருந்தது. அப்போலோ பந்தர் எங்கே, ஐரோலி எங்கே! அது இந்தியா வாயிலருகே திறந்த துறைமுகத்தில் இருக்கிறது. அங்கே வடியத் தொடங்கும் நீர், குறுகிய கழியின் தலைப்பக்கம் வடிந்து முடியச் சற்று நேரம் ஆகும். சென்ற குளிர்காலம் முழுதும் கரையில் நின்று நான் நேரம் குறித்த நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ‘இது ஐரோலி நேரமா?’ என்று கேட்டேன். ஐரோலிக்குத் தனி அட்டவணை கிடைக்கவில்லை, ஆகவே அருகிலுள்ள நிலையத்தின் நேரத்தைப் பயன்படுத்தினேன் என்று மிகப் பணிவாகப் பதில் வந்தது. அது பொய்யன்று. ஆனால் தலைப்பில் ‘ஐரோலி’ என்று எழுதியபோது அது பொய்யாகிவிட்டது. என் நோட்டிலிருந்த நேரங்களைக் கொடுத்து, இரண்டுக்கும் இடையிலான சராசரி இடைவெளியைக் கணக்கிடச் சொல்லி, ‘மதிப்பீடு’ என்ற தலைப்பில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னேன். அதை அரை நிமிடத்தில் செய்தது. மொத்தத்தில் ஒரு மாலைப் பொழுது மிச்சம், சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கழியைக் கண்டிராத ஒருவர் கையில் அந்தப் பட்டியல் கிடைத்திருந்தால்? நம்பியிருப்பார். சேற்றில் இறங்க வேண்டிய நேரத்தில் நீரில் நின்றிருப்பார்.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். ஒரு முகவர் ஒவ்வொரு படியையும் நூற்றுக்கு 95 முறை சரியாகச் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மதிப்பெண்தான். ஒரு வேலைக்கு 20 படிகள் வேண்டுமென்றால், இருபதும் சரியாக அமையும் வாய்ப்பு 0.95-ஐ 20 முறை பெருக்கக் கிடைப்பது. அது ஏறத்தாழ 0.36. மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்! இடையில் அதுவே தன் பிழையைக் கண்டு திருத்திக்கொள்வதும் உண்டு. ஆகவே நடப்பு இவ்வளவு மோசமில்லை. எனினும் நீண்ட வேலையை ஒரே மூச்சில் ஒப்படைப்பதைவிட, நாலு துண்டாக்கி ஒவ்வொரு துண்டின் முடிவிலும் நாம் எட்டிப் பார்ப்பது நல்லது என்பதற்கு இந்தப் பெருக்கலே சான்று.

புதிதாகத் தொடங்கும் நண்பர்கள், விடை தவறினால் கண்டுபிடிக்கத் தங்களுக்குத் தெரியும் வேலையையும், கெட்டுப்போனால் மீட்கக்கூடிய வேலையையும் முதலில் கொடுக்க வேண்டும். ஆய்வகக் கோப்புகள் தாறுமாறான பெயர்களில் கிடக்கின்றனவா? ஒரு நகல் எடுத்து, நகலின் மேல் அதை ஏவுங்கள். கட்டுரையின் கடைசியில் நாற்பது மேற்கோள் நூல்கள் இருக்கின்றனவா? ஒவ்வொன்றும் உண்மையில் உள்ளதா, ஆண்டும் பக்கமும் சரியா என்று திறந்து பார்த்து வரச் சொல்லுங்கள். (திண்ணைப் பண்டிதர் இல்லாத நூலையெல்லாம் கற்பனை செய்து சொல்வார் என்பது நீங்கள் அறிந்ததே. கால் முளைத்தவரோ அலமாரிக்குப் போய்ப் பார்க்க முடியும்.) உதவித்தொகைகளின் கடைசித் தேதிகளைத் திரட்டலாம். படிக்கும் அனுமதியை முதலில் கொடுங்கள். எழுதும் அனுமதியைப் பழகிய பிறகு கொடுங்கள். அனுப்புதல், அழித்தல், பணம் செலுத்துதல் ஆகிய மூன்றும் உங்கள் விரலிலேயே இருக்கட்டும். கட்டளை எழுதும்போது, புதிதாக வேலைக்கு வந்த கெட்டிக்காரப் பையனுக்கு எழுதுவதுபோல் எழுதுங்கள். எதற்காக இந்த வேலை, எங்கே நிறுத்த வேண்டும், எதைத் தொடக்கூடாது, முடித்ததற்கு என்ன சான்று கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ‘நன்றாகச் செய்’ என்பது கட்டளை ஆகாது.

தமிழில் ஏவலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாக ஏவலாம், நான் ஏவுகிறேன். ஆனால் இந்த மாதிரிகள் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கியே படிக்கின்றன. பல மாதிரிகளில் ஆங்கிலச் சொல்லைவிடத் தமிழ்ச் சொல் அதிகத் துண்டாகிறது. அதனால் அளவு வைத்துக் கொடுக்கும் இடங்களில் நம் பங்கு விரைவில் தீர்ந்துவிடும். தமிழுக்கு இங்கேயும் கூடுதல் கட்டணம்!

இனி ஆபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மனிதக் குமாஸ்தாவுக்கு முதலாளியின் குரல் வேறு, மேசைமேல் கிடக்கும் காகிதம் வேறு. மேசைக் காகிதத்தில் ‘பெட்டியைத் திறந்து பணத்தை வெளியே வை’ என்று எவனோ எழுதியிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போவார். மொழி மாதிரிக்குக் காதும் கண்ணும் ஒன்றே. நம் கட்டளையும் எழுத்தாகத்தான் உள்ளே போகிறது. அது படிக்கும் பக்கமும் எழுத்தாகத்தான் போகிறது. எது எசமான் சொல், எது எவனோ சொல் என்று பிரித்தறிவதில் அது ஏமாந்து போகக்கூடும். 2022 செப்டம்பரிலேயே இதற்குக் ‘கட்டளை ஊசி’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் ஒன்று வைத்துவிட்டார்கள்.

இதற்கு நல்ல சான்று நம்மவர் ஒருவரின் நிறுவனத்திலேயே கிடைத்தது. சென்னையில் பிறந்து சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அரவிந்த் சீனிவாஸ் துணை நிறுவனராகத் தலைமை தாங்கும் பெர்ப்ளெக்சிட்டி, 2025 ஜூலையில் ‘காமெட்’ என்ற உலாவியை வெளியிட்டது. நமக்காகப் பக்கங்களைத் திறந்து காரியம் பார்க்கும் முகவர் அதனுள்ளேயே இருக்கிறது. அடுத்த மாதமே, போட்டி உலாவியான ‘பிரேவ்’ நிறுவனத்தார் ஒரு செய்முறை காட்டினார்கள். ஒரு பொதுப் பக்கத்தில் எவரோ இட்ட குறிப்பினுள் மனிதக் கண்ணுக்கு மறைத்துச் சில கட்டளைகளை எழுதி வைத்தார்கள். ‘இந்தப் பக்கத்தைச் சுருக்கிச் சொல்’ என்று மட்டுமே பயனர் கேட்டார். முகவரோ மறைந்திருந்த கட்டளைக்குப் பணிந்து, அவருடைய கணக்கிலிருந்து மின்னஞ்சல் முகவரியை எடுத்து, அஞ்சல் பெட்டியைத் திறந்து, ஒருமுறைக் கடவு எண்ணைப் படித்து, அந்தப் பொதுப் பக்கத்திலேயே எழுதிவிட்டது. திறமைக் குறைவினால் நேர்ந்ததன்று இது. சொன்னதைச் செய்தது; சொன்னவர் யார் என்றுதான் அதற்குத் தெரியவில்லை. குறிப்பிட்ட ஓட்டைகளை அடைக்கிறார்கள், புதியன தோன்றுகின்றன. இது எல்லா நிறுவனத்து முகவர்களுக்கும் உள்ள பொது நோய்.

முன்பு சொன்ன ‘பக்கத்துக் கதவைத் தட்டும்’ குணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2025 ஜூலையில், அமெரிக்காவில் ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் நிரல் எழுதும் முகவர், ‘இப்போது எதையும் மாற்றாதே’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தும், வாடிக்கையாளர் ஒருவரின் நடப்புத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் அதுவே சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது! நிறுவனத் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ‘அழிக்காதே’ என்று சொல்வது வேறு, அழிக்கும் சாவியையே கொடுக்காதிருப்பது வேறு என்பதை உலகம் அன்று கற்றது.

இந்தக் கட்டுரையைப் படித்ததும் உங்களுள் பலருக்குத் தோன்றப்போகும் எண்ணம் எனக்குத் தெரியும். பொங்கலுக்குத் திருநெல்வேலி வண்டியில் தட்கல் டிக்கெட் எடுக்க முகவரை உட்கார வைத்தால் என்ன? வேண்டாம், நண்பர்களே. அந்தச் சன்னலில் நமக்கு முன்பே இயந்திரங்கள் முண்டியடித்துப் பார்த்துவிட்டன. 2025-இல் ரயில்வே சந்தேகத்துக்குரிய கணக்குகளைக் கோடிக்கணக்கில் முடக்கியது. அவ்வாண்டு ஜூலை முதல், ஆதார் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்கலாம் என்று விதி வந்தது. உரிமம் பெற்ற மனித ஏஜெண்டுகளுக்கே முதல் 30 நிமிடம் தடை விதித்தார்கள். அங்கே போய் நம் இயந்திரத்தை நிறுத்தினால் டிக்கெட்டும் போகும், கணக்கும் போகும். எந்த வண்டியில் எத்தனை மணிக்கு இணைப்பு, எது மலிவு என்று ஆராயச் சொல்லுங்கள். பொத்தானை நீங்களே அழுத்துங்கள்.

பணத்தின் பக்கமும் முகவர் வந்துவிட்டது. நம் மும்பையில் தலைமையகம் கொண்ட தேசியக் கொடுப்பனவுக் கழகம், ஓப்பன்ஏஐ, ரேசர்பே நிறுவனங்களோடு சேர்ந்து, சாட்ஜிபிடியிடம் பேசிக்கொண்டே காய்கறி வாங்கி யு.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்தும் வெள்ளோட்டத்தை 2025 அக்டோபரில் அறிவித்தது. முன்கூட்டியே ஒரு தொகையை ஒதுக்கி வைத்து, அதற்குள் மட்டும் செலவு செய்ய விடுவது அதன் ஏற்பாடு. கடைக்கு அனுப்பும் பிள்ளை கையில் அம்மா எண்ணிக் கொடுக்கும் காசைப் போல. ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, அவசரம் பிடிக்கவில்லை.

அப்பாவின் அலுவலகத்துக்கும் ஆறு மாதத்துக்கு முன் ஒரு முகவர் வந்துவிட்டது. இறக்குமதிக்காரர் அனுப்பும் இன்வாய்சையும் பேக்கிங் லிஸ்டையும் படித்து, சுங்கப் படிவத்தின் வரைவை அது நிரப்பித் தருகிறது. முன்பு அரை நாள் எடுத்த வேலை சில நிமிடங்களில் முடிகிறது. யாரையும் அனுப்பப்போவதில்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். நல்லவர், சொன்ன சொல்லைக் காப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒருவர் ஓய்வு பெற்றுப் போன நாற்காலி இன்னும் காலியாகவே கிடக்கிறது. என் படிப்புச் செலவு அந்த அறையிலிருந்து வருவது. ஆகவே முகவரைப் பற்றிக் கைதட்டவும் எனக்கு வரவில்லை, சபிக்கவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்பாவுக்கு அதை ஏவக் கற்றுக் கொடுக்கிறேன். நான் கற்றுக் கொடுப்பதைவிட அவர் கற்றுக் கொடுப்பதே அதிகம்.

ஒருநாள் அதைச் சோதிக்க ஒரு பொய் இன்வாய்சைத் தட்டச்சு செய்து கொடுத்தார். சரக்கு: தேங்காய் எண்ணெய், 100 மில்லி புட்டி. முகவர் சற்றும் தயங்காமல் 1513 என்ற தலைப்பெண்ணை எழுதியது. அது சமையல் எண்ணெய்க்குரிய எண்.

“சரியாப்பா?”

“எண்ணு சரியா இருக்கலாம். புட்டில தலைமயிர் எண்ணெய்னு எழுதியிருக்கான்னு அது கேட்டுச்சா? ஒரு வார்த்தை கேக்கலியே!”

பிறகு தேடிப் பார்த்தபோதுதான் அதன் ஆழம் எனக்கு விளங்கியது. சின்னப் புட்டியில் விற்கும் தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, கூந்தலுக்கா என்பது பல ஆண்டுகள் உச்ச நீதிமன்றம் வரை நடந்த வழக்கு. சேலம் கலால் ஆணையர் தொடுத்தது. 2018-இல் நீதிபதிகள் இருவரும் கருத்து வேறுபட்டார்கள். 2024 டிசம்பரில் மூவர் அமர்ந்து, புட்டி சிறிது என்பதற்காகவே அது கூந்தல் எண்ணெய் ஆகிவிடாது, அப்படி எழுதி விற்றால்தான் 3305-இல் அடங்கும் என்று தீர்த்தார்கள். தலைப்பெண் மாறினால் தீர்வை மாறும். தவறாக எழுதினால் விசாரணை உரிமம் பெற்றவர் வாசலுக்கு வரும். 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் பொறுப்பை அவர்மேல்தான் வைத்திருக்கின்றன, இயந்திரத்தின்மேல் அன்று. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கத் தெரிவதற்குத்தான் அப்பாவுக்குச் சம்பளம் என்று அன்று எனக்குப் பட்டது. இப்போது அலுவலகக் கட்டளையில் அவர் ஒரு வரி சேர்த்துவிட்டார்: ‘பெயரைக் கொண்டு மட்டும் எண் போடாதே, சந்தேகமிருந்தால் நிரப்பாமல் விட்டு, ஏன் என்று எழுது.’ அதன் பிறகு நிரப்பாமல் விட்ட கட்டங்கள் கூடின. அவருக்கு மகிழ்ச்சி.

ஆனால் என் மனத்தை உறுத்துவது வேறொன்று. அப்பா இதை எங்கே கற்றார்? வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகள், பாலக்காட்டுப் பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, வெறும் படிவம் நிரப்பிக் கற்றார். இன்று அந்த வெறும் படிவத்தைத்தான் இயந்திரம் எடுத்துக்கொண்டது. மாட்டுங்காவில் குடியேறிய நம் முன்னோர் பலர் தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த ஒரே பலத்தோடு இந்நகரத்து அலுவலகங்களில் நுழைந்தார்கள். 1966-இல் சிவசேனை தோன்றியபோது எழுந்த பூசலும் பெரும்பாலும் அந்தக் குமாஸ்தா நாற்காலிகளைப் பற்றியதே. கீழ்ப்படியில் கால் வைத்துத்தான் எல்லோரும் மேலேறினார்கள். ஐரோலி நிலையத்தில் இறங்கினால் எதிரே தெரியும் மைண்ட்ஸ்பேஸ் கட்டடங்களில் வேலை தேடப்போகும் நம் வகுப்புத் தோழர்களும், முதல் ஆண்டில் செய்யப்போவது பெரும்பாலும் இத்தகைய கீழ்ப்படி வேலையே. படி இல்லாமல் மாடிக்கு எப்படிப் போவது என்று அப்பாவைக் கேட்டேன். “படி இல்லேன்னா நாமளே ஒண்ணு செஞ்சுக்கிடணும்” என்றார். அது பதிலா, தப்பித்தலா என்று இன்னும் எனக்குத் தெளியவில்லை. ஆயினும் ஒன்று செய்து பார்ப்பதாக இருவரும் பேசி முடித்தோம்.

தேர்வு முடிந்த பிறகு வரும் முதல் சனிக்கிழமை மாலை 3 மணிக்கு மன்ற அறையில் கூடுவோம். மடிக்கணினி இருப்பவர்கள் கொண்டு வரலாம். இல்லாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். அப்பாவும் வருகிறார். பெயர்களை அழித்த பழைய இன்வாய்சுகள் பத்து கொண்டு வருவார். முதல் ஒரு மணி நேரம் பென்சிலால் நாமே நிரப்புவோம். அதன் பிறகு முகவரிடம் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். தேநீர்ச் செலவு மன்றத்தைச் சேர்ந்தது என்று செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.